பார்க்க வந்தவர்கள் போன பிறகு

செத்த வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் வேறு, இருக்க வருகிறவர்கள் வேறு என்று எங்கள் கீழ்வீட்டு அக்கா சொல்வார். பார்க்க வருகிறவர்கள் மாலையோடு வருவார்கள். முகத்தைப் பார்ப்பார்கள், பிள்ளைகளின் கையைப் பிடிப்பார்கள், பிறகு காரை நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டில் விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்து போய்விடுவார்கள். இருக்க வருகிறவர்கள் ஒன்றும் கொண்டுவர மாட்டார்கள். ஒரு ஓரமாக உட்கார்ந்து, அடுத்த ஆள் வரும்வரைக்கும் எழும்ப மாட்டார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்வது.

பிரேதத்தைத் தனியே விடக்கூடாது என்பது ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்த விஷயம் இல்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், முறை வைத்து இருந்தார்கள். லண்டனில்தான் அது பெரிய பிரச்சினையாகிவிட்டது. இங்கே ஒருவர் செத்தால் அடக்கம் செய்ய இரண்டு மூன்று கிழமை இழுபடும். அதுவரைக்கும் அவர் எங்கோ ஒரு குளிர் அறையில் கிடப்பார். சொந்தக்காரர் முன்கூட்டியே நேரம் பதிந்து போய் அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு வரலாம். இருக்க விடமாட்டார்கள்.

அக்காவுக்கு இது மட்டும் ஒருநாளும் சமாதானம் ஆகவில்லை.

லண்டன் இல்ஃபோர்டில் ஒரே வீட்டின் கீழ்ப் பகுதியில் அவர், மேல் பகுதியில் நான். அவர் மன்னார்ப் பக்கம், வேதக்காரர். நான் யாழ்ப்பாணம், சைவம். கீழே அவர் செபமாலை சொல்லும் சத்தமும் மேலே என் பக்திப் பாட்டும் படிக்கட்டில் ஒன்றையொன்று முட்டும். அவருடைய ஒரே மகன் ரொறொன்ரோவில். இங்கே அவருக்கென்று ஆள் யாரும் இல்லை, ஆனால் இல்ஃபோர்ட் தமிழர் எல்லோருக்கும் அவர் ஆளாக இருந்தார். ஆஸ்பத்திரியில் யாரும் படுத்தால் ஒரு பிளாஸ்கில் வெறும் தேத்தண்ணியோடு போய்விடுவார். கட்டிலடியில் இருக்கும் மனைவியையோ மகளையோ பார்த்து, "நீ போய்க் குளிச்சுச் சாப்பிட்டிட்டு வா பிள்ளை. நான் இருக்கிறன்" என்பார். அவர் வாயில் இருந்து நான் அதிகம் கேட்ட வசனம் அதுதான். நான் இருக்கிறன்.

வீட்டுக்கு வந்தவர்களை பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட்டிப்போய், பஸ் வந்து அவர்கள் ஏறி அது திரும்பும்வரை நின்றுவிட்டுத்தான் வருவார். ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் சந்தைக்குப் போக நின்றோம். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி வேறு பஸ்ஸுக்கு நின்றாள். எங்கள் பஸ் வந்தது. அக்கா ஏறவில்லை.

"அக்கா, எங்கடை பஸ்."

"அது போகட்டும். உந்த மனுசி தனிய நிக்குதெல்லோ."

"அவவை உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சால்தான் நிக்க வேணுமோ?"

கிழவி எங்களைத் திருடர்கள் என்று நினைத்துக் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவளுடைய பஸ் வரும்வரைக்கும் நாங்கள் அப்படியே நின்றோம். அன்று சந்தையில் நல்ல முருங்கைக்காய் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆட்கள் அவரை விரும்பினார்களா என்று கேட்டால் ஓம் என்றும் சொல்ல முடியாது. கொஞ்சம் பயந்தார்கள். அவர் வந்தால் யாரோ போகப் போகிறார்கள் என்று ஒரு கதை இருந்தது. பின்னால் 'சாவீட்டு அக்கா' என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர் ஹை ரோட்டில் மீன்கடை வைத்திருக்கும் அண்ணை. அவருக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா பிளாஸ்கோடு வாசலில் போய் நின்றார். அண்ணை வாயில் இருந்த மாஸ்க்கைத் தூக்கிவிட்டு, "அக்கா, நான் இன்னும் போகேல்லை. அலுவல் முடிய ஆள் அனுப்பிறன், அப்ப வாங்கோ" என்றாராம்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பரவாயில்லை தம்பி, நான் இருக்கிறன்" என்றாராம்.

அண்ணை இதைக் கடையில் மீன் வெட்டி வெட்டி எல்லோருக்கும் சொல்லுவார். அவர் மனைவி கடையைப் பார்க்கப் போயிருந்த நாட்களில் அக்கா பகல் முழுக்க அந்த நாற்காலியில் இருந்ததை மட்டும் சொல்ல மாட்டார். ஆனால் அக்காவுக்கு என்று கேட்டால் விளமீனில் நடுத்துண்டாகப் பார்த்துத்தான் போடுவார்.

நானும் அக்காவும் இத்தாலிக்குப் போனது அக்காவின் பங்குக் கோயில் யாத்திரையில். டூரின் என்ற நகரத்தில் இயேசுவை அடக்கம் செய்தபோது போர்த்திய சீலை என்று ஒன்றை வைத்திருக்கிறார்களாம், அதைக் கும்பிடத்தான் பயணம். அக்காவோடு அறையில் தங்க இருந்த பெண் முழங்கால் ஒப்பரேஷனுக்குப் போய்விட்டாள். தனி அறையில் படுக்க அக்கா சம்மதிக்கவில்லை. என்னைப் பிடித்தார்.

எனக்கு எதற்கும் பயம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்ற ஆள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பிளேனில் ஏறினாலும் அடுப்பை நிறுத்தினேனா என்று யோசிப்பேன். கடவுச்சீட்டு பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன், பத்தடி நடந்து திரும்பவும் தொட்டுப் பார்ப்பேன். பொட்டோடு அவர்களுடைய கோயிலுக்குள் போகலாமா என்று கேட்டேன். "மாதாவுக்கு உன்ரை பொட்டோ இப்ப பிரச்சினை?" என்றார்.

அந்தச் சீலையை நாங்கள் பார்க்கவில்லை. நீளமான பெட்டிக்குள் மூடி வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் ஆட்கள் முழங்காலில் நின்றார்கள். அக்காவும் நின்றார். எல்லோரும் எழும்பிய பிறகும் நின்றார். எழும்பி வந்து, "போர்த்துறதுக்கு ஒரு நல்ல சீலை கிடைச்சிருக்கு அவருக்கு" என்று மட்டும் சொன்னார். அது என்ன பேச்சென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த நாள் விமானம் பின்னேரம். காலையில் அங்கே உள்ள மியூசியங்களைப் பார்க்கலாம் என்று பாதர் சொன்னார். பாதர் எங்கள் ஆள்தான், ரோமில் படித்தவர், இத்தாலிப் பாஷை தெரியும். முதலில் பழைய அரண்மனை ஒன்றில் உள்ள படங்களைப் பார்க்கக் கூட்டிப்போனார். கூரை முழுக்கத் தங்கம். நான் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும்போதெல்லாம் பையை யாரும் இழுத்துவிடுவார்களோ என்று திரும்பக் குனிந்துகொண்டேன்.

அக்கா படம் பார்த்த விதம் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. செத்துக் கிடக்கிறவர் இருக்கிற படம் என்றால் நிற்பார். நிறத்தையோ அழகையோ பார்ப்பதில்லை. சுற்றி யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார். சிலுவையில் இருந்து இறக்கிய இயேசுவின் தலையை ஒரு பெண் மடியில் வைத்திருக்க, இன்னொருத்தி காலைப் பிடித்திருக்க, பின்னால் ஒரு கிழவர் நின்ற படத்தைப் பார்த்துவிட்டு, "இவருக்கு ஆக்கள் இருக்கினம். வா போவம்" என்று நடந்தார். ஒரு அரசியின் மரணப் படுக்கை. சுற்றிவர விசிறியோடும் கண்ணீரோடும் கூட்டம். "இதுக்கும் இருக்கினம்." அடுத்தது. ஒரு பெரிய போர்க்களப் படத்துக்கு முன்னால் எல்லோரும் வெள்ளைக் குதிரையில் இருந்த தளபதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கீழ் மூலையைக் காட்டினார். சேற்றில் ஒருவன் கவிழ்ந்து கிடந்தான். குதிரைகள் எல்லாம் மறுபக்கம் பாய்ந்துகொண்டிருந்தன.

"விட்டிட்டுப் போகினம் பார்," என்றார்.

அந்த மூலைக்கு முன்னால் அவர் நின்ற நேரத்தில் நான் இரண்டு தரம் கடவுச்சீட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

பிறகுதான் எகிப்து மியூசியம். இத்தாலியில் எகிப்துக்கு என்ன வேலை என்று கேட்டேன். ஒரு காலத்தில் வாங்கியும் தோண்டியும் கொண்டுவந்தவை என்று பாதர் சொன்னார். பெட்டி பெட்டியாகப் பிரேதம். நிறம் தீட்டின பெட்டி, முகம் வரைந்த பெட்டி, பூனைக்குக்கூடப் பெட்டி. வீட்டுக்குப் போனதும் தலை முழுக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா அவற்றையும் கடந்துதான் போனார். சுவர்களில் ஆட்கள் வரிசையாகச் சாப்பாடு கொண்டு வருவதுபோல் வரைந்து வைத்திருந்தார்கள். அது அவருக்குத் திருப்தியாக இருந்தது.

வெளிச்சம் குறைந்த ஒரு அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த ஆள் கிடந்தார். மற்றவர்களைப்போலத் துணி சுற்றவில்லை, நிறம் தீட்டவில்லை. ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, கையை முகத்தோடு வைத்து, குளிரில் சுருண்டு படுத்த பிள்ளைபோல. தோல் காய்ந்து எலும்போடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் இரண்டு மண் சட்டி. மனிதர்கள் வந்தார்கள். போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள், போனார்கள். ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்து சிரித்துவிட்டுப் போனது.

அக்கா செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தார். சீலையை இழுத்து ஒதுக்கிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். செபமாலையை எடுத்தார்.

"அக்கா, இது கோயில் இல்லை. எழும்புங்கோ."

"எனக்குத் தெரியும்."

"பஸ் வெளிக்கிடப் போகுது. பிளேன் விட்டிடும்."

"நீ போ பிள்ளை. நான் இருக்கிறன்."

நான் வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. காவலுக்கு நின்ற இளம் பெண் வந்து ஏதோ சொன்னாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொரி சொரி என்றேன். அவள் அக்காவின் செருப்பைப் பார்த்தாள், செபமாலையைப் பார்த்தாள், இடுப்பில் இருந்த வோக்கி-டோக்கியைக் கையில் எடுத்தாள். பொலிஸைக் கூப்பிடுகிறாள் என்றே நினைத்தேன். விசா கிழிந்தது, வேலை போனது, எல்லாம் என் மனதுக்குள் நடந்து முடிந்துவிட்டது. அவள் அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பவும் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பஸ்ஸில் ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் பாதர் வியர்த்து ஓடி வந்தார்.

"என்னம்மா இது? எல்லாரும் பஸ்ஸுக்கை இருக்கினம்."

"ஆர் பாதர் இவர்?"

பாதர் கண்ணாடியில் எழுதியிருந்ததை வாசித்தார். "பேர் இல்லை அம்மா. ஐயாயிரம் வருசத்துக்கு மேலை எண்டு போட்டிருக்கு."

"அப்ப எவ்வளவு காலமாத் தனியக் கிடக்குது இது."

"இவ்வளவு சனம் வந்து பாக்குதே அம்மா" என்றார் பாதர்.

"பாக்கினம். ஆர் இருக்கினம்?"

அப்போதுதான் அந்தக் கதை வந்தது. எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, பெட்டிக்குள் கிடந்தவரைப் பார்த்துத்தான் சொன்னார். "என்ரை மனுசனும் இப்பிடித்தான் ஒருக்களிச்சுக் கிடந்தவர். ஷெல் அடி. சனம் நடக்குது, நிக்க ஏலாது, கையிலை பிள்ளை. ஒரு பாயாலை மூடிப்போட்டு வந்தனான். பாய் கால்வரைக்கும் வரேல்லை."

புருஷன் யுத்த காலத்தில் செத்துப்போனார் என்று மட்டும் எனக்குத் தெரியும். அவரை அக்கா எப்படி விட்டுவிட்டு வந்தார் என்பது அந்த அறையில்தான் தெரிந்தது. நானும் சுவரோரமாக இருந்துவிட்டேன். கடவுச்சீட்டு இருக்கிற பை எங்கே போனது என்று அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு நினைவில்லை.

பாதர் குனிந்து, "ஒரு செபம் சொல்லுறன் அம்மா, பிறகு போவம்" என்றார்.

"சொல்லுங்கோ. இது வேதத்திலை சேராத ஆள் எண்டு யோசிக்கிறியளோ?"

"யோசிக்கேல்லை."

மெல்லிய குரலில் சொன்னார். செபம் முடிந்தும் அக்கா எழும்பவில்லை. காவல் பெண்ணைக் காட்டி, "இந்தப் பிள்ளை எத்தினை மணி மட்டும் நிப்பா எண்டு கேளுங்கோ" என்றார். பாதர் கேட்டார். பூட்டும்வரைக்கும் நிற்பாளாம். பூட்டிய பிறகு? கீழே காவல்காரர் இருக்கிறார்களாம், ஒவ்வொரு அறைக்கும் வந்து பார்ப்பார்களாம். அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னார்: "அப்ப நீ இரு பிள்ளை. நான் போயிட்டு வாறன்." அந்தப் பெண் என்ன விளங்கினாளோ, தலையை ஆட்டினாள். அக்கா எழும்பிச் செருப்பைப் போட்டார்.

பஸ்ஸில் ஒருவரும் எங்களோடு கதைக்கவில்லை. மலைகள் தெரிந்தன, உச்சியில் பனி. அக்கா யன்னல் பக்கம் திரும்பி இருந்தபடியே கேட்டார்.

"எனக்கு ஆர் இருப்பினம்?"

"மகன் வருவார்தானே அக்கா."

"அவன் வந்து சேர எத்தினை நாளோ. அதுவரைக்கும்?"

"இதென்ன கதை இப்ப."

"நீ இருப்பியோ?"

எனக்கு உடனே பயம் பிடித்தது. அங்கே இருக்க விடமாட்டார்களே, எப்படி இருப்பேன், வேலைக்கு என்ன சொல்வேன், நான் முதலில் செத்துப்போனால் என்ன செய்வது என்றெல்லாம் ஓடியது. ஆனால் வாய் அதையெல்லாம் கேட்கவில்லை. "இருக்கிறன் அக்கா" என்றது.

அவர் என் மடியில் இருந்த பையைத் தட்டினார். "பாஸ்போட் இருக்கோ எண்டு பார்," என்றார். கேலிதான். நான் பார்த்தேன். இருந்தது.

அந்த ஒரு வார்த்தையை வருஷக்கணக்காக நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். அக்கா இருமினால் படிக்கட்டில் வந்து நின்று கேட்பேன். கீழே செபமாலைச் சத்தம் கேட்காவிட்டால் ஓடிப்போய்க் கதவைத் தட்டுவேன். "நான் இன்னும் போகேல்லை" என்று மீன்கடை அண்ணையின் வசனத்தைச் சொல்லித்தான் கதவைத் திறப்பார்.

இந்தத் தை மாதம் சளி நெஞ்சில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு விடியற்காலம் போய்விட்டார். நான் போய்ச் சேரும்போது முகம் துடைத்து, தலை சீவி வைத்திருந்தார்கள். கட்டிலோடு இருந்தேன். பிறகு தள்ளுவண்டியோடு இரண்டு பேர் வந்தார்கள். கூட வரலாமா என்று கேட்டேன். ஏலாது என்றார்கள். பண்பாகத்தான் சொன்னார்கள்.

மகன் போனில் அழுதார். "அன்ரி, இங்க ஸ்னோ. ஃபியூனரல் டேட் கிடைச்ச உடனே புக் பண்ணிடுறன். அம்மாவை ஆரும் போய்ப் பாக்கினமோ?"

"பாக்கினம் தம்பி," என்றேன். வேறு என்ன சொல்ல?

ஹை ரோட்டில், அடக்கம் வரைக்கும் பிரேதத்தை வைத்திருக்கும் ஃபியூனரல் இடத்துக்குத்தான் அக்காவைக் கொண்டுவந்தார்கள். அங்கே மேசையில் இருந்த பெண்ணிடம் என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். குளிர் அறைக்குள் வேண்டாம், அதற்கு வெளியே நடையில் ஒரு நாற்காலி போதும், சத்தம் போடமாட்டேன் என்றேன். இப்படி ஒரு பொது இடத்தில் யாரிடமும் நான் எதுவும் கேட்டதில்லை. அவள் என் கையைத் தடவினாள். அரை மணித்தியாலம்தான், நேரம் பதிந்துதான், அதுதான் விதி. நாங்கள் அவவைக் கவனமாகப் பார்த்துக்கொள்வோம் என்றாள்.

பார்ப்பார்கள், எனக்குத் தெரியும்.

வெளியில் வந்தேன். தெருவுக்கு மற்றப் பக்கம் நேரே பஸ் நிறுத்தம். அங்கே போய் அந்தச் சரிந்த சிவப்பு வாங்குப் பலகையில் இருந்தேன். இருந்தால் எதிரே அந்தக் கண்ணாடி வாசல் தெரியும், பக்கத்தில் பூட்டிய பெரிய கதவு தெரியும். அதற்குப் பின்னால்தான் எங்கோ அக்கா. பஸ் வந்தது. வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அடுத்தது வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடச் சமையலறையைக் கழுவிவிட்டு நேரே அங்கேதான் போனேன். பஸ் சாரதிகளுக்கு என்னைத் தெரிந்துவிட்டது, சிலர் நிறுத்துவதேயில்லை. இது கணக்கில் சேருமா என்ற பயம் மட்டும் போகவில்லை. நடுவில் ஒரு தெரு, ஒரு சுவர். நான் வேலையில் நிற்கும் காலை நேரம் முழுக்க வாங்கு வெறுமனே கிடக்கும். அக்கா இதைப் பார்த்தால் இருப்பது என்று ஒப்புக்கொள்வாரா, அல்லது இதுவும் பார்க்க வந்தது என்று சொல்வாரா?

ஒரு பின்னேரம் மீன்கடை அண்ணை அந்த வழியாக வந்தார். கடை உடுப்போடு, மேலே ஜாக்கெட். கடந்துபோய்த் திரும்பி வந்தார்.

"என்ன, நேற்றும் கண்டனான். எந்த பஸ்ஸுக்கு நிக்கிறியள்?"

"பஸ்ஸுக்கில்லை அண்ணை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் பார்த்தார். பகிடி ஒன்றும் வரவில்லை. வாங்கின் மற்ற முனையில் இருந்தார். மீன் மணம் வந்தது. கையில் ஒன்றும் இல்லை. பஸ்கள் வந்தன, போயின.

"காலமையிலை ஆர்?" என்று கேட்டார்.

"காலமை எனக்கு வேலை. ஒருத்தரும் இல்லை."

"மனுசி கடையிலை நிக்கட்டும். காலமை நான் வாறன்." ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டு, "நீங்கள் இப்ப போய் ஏதும் சாப்பிடுங்கோ. முகத்தைப் பாக்க ஏலாமல் கிடக்கு" என்றார்.

"இல்லை, நான்..."

"போங்கோ பிள்ளை. நான் இருக்கிறன்."

வந்த பஸ்ஸில் ஏறினேன். ஏறியதும் வழக்கம்போலப் பயம் வந்தது. பகிடிக்காரர், குளிருக்கு எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்துப் பின் யன்னலுக்கு ஓடினேன். எங்களுக்குப் பின்னால் இன்னொரு பஸ் வந்து அவருக்கு முன்னால் கதவைத் திறந்தது. அண்ணை எழும்பவில்லை. வேண்டாம், நீ போ என்று சாரதிக்குக் கையைக் காட்டினார்.